இரும்பு மட்டும் போதாது

வைட்டமின் குறைவால் வரும் ரத்தசோகை, ரத்தத்தோடு நிற்பதில்லை. நரம்பு, நினைவு, நடை, கைக்குழந்தையின் சிரிப்பு வரை போகிறது. கண்டுபிடிப்பது எளிது, குணப்படுத்துவது மலிவு. ஆனாலும் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

உடம்பு வெளுத்துவிட்டது, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் அசதி என்று ஒருவர் சொன்னால், நம் வீடுகளில் பதில் ஆயத்தமாக இருக்கிறது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், வெல்லம், மருந்துக்கடையில் ஓர் இரும்புச்சத்து டானிக். பலருக்கு இது சரியான பதில்தான். இந்தியாவில் ரத்தசோகைக்கு முதன்மையான காரணங்களில் இரும்புக் குறைவு இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் குறைவது இரும்பு அல்ல, வைட்டமின் பி12. அல்லது ஃபோலிக் அமிலம் என்கிற ஃபோலேட். சிலரிடம் மூன்றுமே குறைவு.

இது அரிய நோய் அல்ல என்பதற்கு அரசின் கணக்கே சாட்சி. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் ரத்தம் எடுத்துச் சத்துகளை அளந்தார்கள். 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் இரும்புக் குறைவு இருந்தவர்கள் 22 சதவீதம். பி12 குறைவு இருந்தவர்கள் 31 சதவீதம். ஃபோலேட் குறைவோ 37 சதவீதம். இந்த வயதினரிடம் இரும்பைவிட இந்த இரண்டு வைட்டமின்களும்தான் அதிகம் குறைந்திருக்கின்றன. நம் பேச்சிலோ இரும்பு மட்டுமே இருக்கிறது.

எலும்பு மஜ்ஜைக்குள் என்ன நடக்கிறது?

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இறந்தவற்றுக்கு ஈடாக எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்களை உருவாக்கியபடி இருக்கிறது. அணு பிரிந்து பெருக வேண்டுமானால் அதன் டி.என்.ஏ. நகலாக வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலேட் தேவை. ஃபோலேட் தன் வேலையைச் செய்ய பி12 தேவை. பி12 இல்லாவிட்டால் உடலில் ஃபோலேட் இருந்தும் பயன்படாத வடிவில் முடங்கிவிடும். அதனால்தான் இரண்டில் எது குறைந்தாலும் ரத்தத்தில் தெரியும் மாற்றம் ஒன்றுபோலவே இருக்கிறது.

இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும். இந்த வைட்டமின்கள் குறைந்தால் நேர்மாறு. அணு வளர்கிறது, ஆனால் பிரிய முடியவில்லை. பெருத்த, முதிராத அணுக்கள் மஜ்ஜையில் தேங்குகின்றன. ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக் 1880-லேயே நுண்ணோக்கியில் இவற்றைப் பார்த்து 'மெகலோபிளாஸ்ட்' என்று பெயரிட்டார். இவற்றில் பெரும்பகுதி மஜ்ஜையைவிட்டு வெளியே வரும் முன்பே அழிந்துவிடுகிறது.

அப்படி அழியும்போது வெளிப்படும் பிலிரூபின் என்ற நிறப்பொருளால் கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தட்டும். இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. மஞ்சளைக் கண்டதும் காமாலை என்று முடிவுகட்டி, பத்தியம் என்ற பெயரில் பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது நம் ஊரில் வழக்கம். பி12 குறைவால் மஞ்சள் தட்டியவருக்கு அந்தப் பத்தியம் எஞ்சியிருக்கும் கொஞ்ச வரவையும் அடைத்துவிடும். காமாலை என்று நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

கோஷா ஆஸ்பத்திரி வரை வந்த தேடல்

ஃபோலேட் என்ற வைட்டமின் உலகுக்குத் தெரியவந்த கதையின் பெரும்பகுதி நடந்தது இந்தியாவில்.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். பஞ்சாலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை தாக்கியது, பலர் இறந்தார்கள். மற்றவர்கள் இதற்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பெண்களின் தட்டில் என்ன இருக்கிறது என்று வில்ஸ் பார்த்தார். வறுமை கூடக்கூட, காய்கறி, பழம், பால் குறையக்குறைய நோய் கடுமையாவதைக் கண்டார். பம்பாயிலிருந்து குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து ஆய்வைத் தொடர்ந்தார். 1931-ன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இருப்பது அதுதான்.

ஏழைப் பெண்களின் உணவையே கொடுத்து வளர்த்த குரங்குகளுக்கும் அதே ரத்தசோகை வந்தது. அவற்றுக்கு ஈஸ்ட் சாறான 'மார்மைட்' கொடுத்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோதும் ரத்தம் ஊறியது. 1931-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார். அந்தச் சாறில் இருந்த பொருள் எதுவென்று அப்போது தெரியாததால் பல காலம் அது 'வில்ஸ் காரணி' என்றே வழங்கியது. 1941-ல் அமெரிக்காவில் பசலை வகைக் கீரையைக் கிலோ கிலோவாக அல்ல, டன் கணக்கில் அரைத்துப் பிழிந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி நிறுவனக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குடல் சத்தை உறிஞ்ச முடியாமல்போகும் 'ஸ்ப்ரூ' நோய்க்குத் தன் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தவர். தானும் அந்த நோயில் விழுந்து எழுந்தவர். ஃபோலேட் குறைவு ஸ்ப்ரூவின் முக்கியமான விளைவு. 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. இன்று கர்ப்பிணிகள் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால் சென்னையில் படித்த ஒருவரின் உழைப்பும் இருக்கிறது.

பி12-ன் கதை இன்னொரு திசையில் நடந்தது. 1926 வரை 'பெர்னீஷியஸ் அனீமியா' என்ற வகை வந்தால் மரணம் என்பதே விதி. அந்த ஆண்டு பாஸ்டனில் ஜார்ஜ் மினோட், வில்லியம் மர்ஃபி இருவரும் நோயாளிகளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ கால் கிலோ ஈரலை உண்ணக் கொடுத்து அவர்களைப் பிழைக்கவைத்தார்கள். அதற்கு வழிகாட்டிய ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து 1934-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தச் சிவப்புப் படிகத்தைப் பிரித்தெடுக்க 1948 ஆனது. அதன் உள்ளமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் 1956-ல் கண்டறிந்தார். இந்தப் பொருளின் நடுவில் கோபால்ட் என்ற உலோக அணு இருக்கிறது. நுண்ணுயிரிகளால் மட்டுமே இதை உருவாக்க முடியும். செடிக்கும் முடியாது, விலங்குக்கும் முடியாது.

நரம்பில் விழும் அடி

ஃபோலேட் குறைவும் பி12 குறைவும் ரத்தத்தில் ஒன்றுபோல இருந்தாலும், நரம்பில் பெரிய வேறுபாடு உண்டு. நரம்பிழையைச் சுற்றி, மின்கம்பிக்கு மேல் ரப்பர் உறைபோல, மயலின் என்ற உறை இருக்கிறது. அது கெடாமல் இருக்க பி12 வேண்டும். பி12 குறைந்தால் உறை சிதைகிறது. முதலில் அடிபடுவது நீளமான நரம்புகள். அதனால்தான் தொல்லை பாதத்தில் தொடங்குகிறது.

காலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். உள்ளங்கால் மரத்துப்போகும். நடக்கையில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. பஞ்சின்மேல் நடப்பதுபோலத் தோன்றும். வெளிச்சத்தில் சமாளித்து நடப்பவர் இருட்டில் தள்ளாடுவார். முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவார். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தண்டுவடப் பாதை பழுதாகியிருக்கிறது என்பதே இதன் பொருள். இன்னும் முற்றினால் கால் விறைக்கும், சிறுநீர் கட்டுப்பாடு போகும். மறதி, எரிச்சல், மனச்சோர்வு, குழப்பம் ஆகியவையும் வரலாம். வயதானவருக்கு வந்தால், 'வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். முதுமை மறதி என்று முத்திரை குத்தும் முன் பி12 அளவைப் பார்ப்பது மருத்துவத்தின் அடிப்படை ஒழுங்கு.

உடலின் மற்ற இடங்களிலும் அடையாளங்கள் உண்டு. நாக்கின் சொரசொரப்பு போய், வழவழவென்று சிவந்து எரியும், காரம் தாங்காது. வாய்ப்புண் அடிக்கடி வரும். விரல் கணுக்களின் மேல்புறம் கறுக்கும். இந்த நிறமாற்றத்தை வெயிலால் வந்ததென்று நினைத்துக் கிரீம் தடவிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இதில் மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ரத்தசோகை வருவதற்கு முன்பே நரம்பு பாதிக்கப்படலாம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதாலேயே பி12 சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

அதேபோல, பி12 குறைவாக இருக்கும் ஒருவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். ஹீமோகுளோபின் ஏறும், அசதி குறையும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். 1940-களில் ஃபோலிக் அமிலம் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். இன்றும் நம் மருந்துக்கடைகளில் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை சாதாரணமாகக் கிடைக்கிறது. பி12 அளவு தெரியாமல் தாமாக அதை வாங்கி விழுங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் மாணவிகளுக்கும் அரசு தரும் மாத்திரை வேறு. அதில் ஃபோலிக் அமிலம் அரை மில்லிகிராம்தான். அதை யாரும் நிறுத்த வேண்டாம்.

தாய்க்குக் குறைந்தால் சேய்க்கு

1962-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த சில கைக்குழந்தைகளைப் பற்றியது அது. பிறந்து சில மாதங்கள் நன்றாக வளர்ந்தவை. பிறகு மந்தமாயின. நின்ற தலை நிற்கவில்லை. சிரிப்பு மறந்தது. கை கால் தம்மையறியாமல் அசைந்தன. கைகால்களில் தோல் கறுத்தது. தாய்மார்களின் உடலில் பி12 குறைவு. ஆகவே பாலிலும் குறைவு. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின.

இந்தக் குழந்தைகள் பார்வைக்கு மெலிந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல். கொழுகொழுவென்றிருக்கும் குழந்தைக்குச் சத்துக் குறைவு என்று யாருக்குத் தோன்றும்? உலகுக்கு இந்த நோயைச் சொன்ன மண்ணில், 60 ஆண்டுகளுக்குப் பிறகும் கர்ப்பிணிகளுக்கு பி12 பார்ப்பது வழக்கமான பரிசோதனைகளில் ஒன்றாகவில்லை.

ஃபோலேட்டுக்கும் இப்படி ஒரு கெடு இருக்கிறது. கரு உருவான 28 நாட்களுக்குள் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் மூடிவிட வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை. அந்த நாட்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, கருத்தரிக்கும் முன்பே, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறார்கள். நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கும் மாத்திரை, குழாய் மூடாமல்போகும் குறையைத் தடுக்கத் தாமதமானது.

யாருக்கெல்லாம் வரும்?

பி12 நம் உணவில் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் மட்டுமே நம்பத்தக்க அளவில் இருக்கிறது. பாலும் குறைவாக எடுக்கும் சைவ உணவுக்காரர்கள் முதல் வரிசையில் நிற்கிறார்கள். சைவம் அவரவர் நம்பிக்கை. அதை விடச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை எடுத்துக்கொண்டால் போதும்.

அசைவம் உண்பவர்களுக்கும் வரும். உணவில் உள்ள பி12 ரத்தத்தில் சேர இரைப்பையில் அமிலம் வேண்டும். இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதத்தோடு அது இணைய வேண்டும். பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்ச வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் குறைவு வரும். வயதானால் அமிலச் சுரப்பு குறைகிறது. சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்தப் புரதத்தை அழிக்கிறது. இதுதான் பெர்னீஷியஸ் அனீமியா. இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்கள், குடல் காசநோய் வந்தவர்கள், 'கேஸ் மாத்திரை' என்று பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் எல்லாருக்கும் வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டில் தனியே பேச வேண்டிய கூட்டம் ஒன்று உண்டு. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள். அருமையான மருந்து, விலை குறைவு, தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் பல ஆண்டுகள் எடுக்கும்போது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. சர்க்கரையாலும் கால் மரக்கும், பி12 குறைந்தாலும் கால் மரக்கும். 'சுகர் நரம்பைத் தாக்கிடுச்சு' என்று எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டால், சரிசெய்யக்கூடிய காரணம் கண்ணில் படாமலே போகும்.

ஃபோலேட் குறைவுக்குக் காரணங்கள் வேறு. கீரையும் பருப்பும் பழமும் குறைந்த உணவு, மதுப்பழக்கம், கர்ப்பம், வலிப்புக்கான சில மருந்துகள். ஃபோலேட் இருப்பு சில மாதங்களில் தீர்ந்துவிடும். பி12 ஈரலில் பல ஆண்டுகளுக்குச் சேமிப்பாக இருக்கும். அதனால் பி12 குறைவு மிக மெதுவாக, உணராதபடி வருகிறது.

தட்டில் என்ன?

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 2 முதல் 2.5 மைக்ரோகிராம் பி12. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம். ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம். மத்தி மீன் 100 கிராம் உண்டால் ஒருநாள் தேவையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மத்தி ஏழைகளின் மீன் என்று இளக்காரமாகப் பார்க்கப்படுவது. இந்தக் கணக்கில் அது முன்வரிசையில் இருக்கிறது. ஆட்டு ஈரல் அதையும் மிஞ்சும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலில் அளவு பார்க்க வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

பழைய சோறும் இட்லி மாவும் குடலுக்கு நல்லவை. ஆனால் பி12-க்கு அவற்றை நம்பியிருக்க முடியாது. ஸ்பைருலினாவும் அப்படியே, அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலால் பயன்படுத்த முடியாத போலி வடிவம்.

ஃபோலேட்டுக்குக் கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, ஆரஞ்சு. ஃபோலேட் சூட்டிலும் தண்ணீரிலும் போய்விடக்கூடியது. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் அதோடு போகும்.

தமிழகப் பள்ளி மதிய உணவில் 2010 முதல் வாரம் 5 முட்டை தருகிறார்கள். பி12 விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டும் ஏற்பாடு. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. வாழைப்பழத்தில் பி12 இல்லை. பி12 குறைய அதிக வாய்ப்புள்ள பிள்ளைக்கே பி12 கிடைக்காமல் போகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பது நியாயமான மாற்று.

பரிசோதனையும் சிகிச்சையும்

சாதாரண முழு ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். அது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இயல்பு. 100-ஐத் தாண்டினால் பி12, ஃபோலேட் பார்க்க வேண்டும். எம்.சி.வி. இயல்பாக இருந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. இரும்பும் பி12-ம் சேர்ந்து குறைந்தால் சிறியதும் பெரியதும் கலந்து சராசரி இயல்பாகக் காட்டும். நம் நாட்டில் இந்தக் கலப்பு வகை மிகுதி. ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு. 200-லிருந்து 300 வரை ஐயத்துக்குரியது.

பரிசோதனைக்கு முன் 'சத்து ஊசி' போட்டுக்கொண்டால் அளவு செயற்கையாக ஏறிவிடும், நோய் மறைந்துகொள்ளும். ரத்தம் கொடுத்துவிட்டு ஊசி போடுவதே முறை.

நரம்புப் பாதிப்பு இருந்தால் ஊசி. இல்லையென்றால் பலருக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரையே போதும். உறிஞ்சும் திறன் கெட்டவர்களிடமும் மாத்திரையில் சுமார் 1 சதவீதம் தானாக உள்ளே செல்லும். தேவை மிகச் சிறிது என்பதால் அதுவே ஈடுகொடுக்கும். சிகிச்சை தொடங்கிய ஒரு வாரத்துக்குள் மஜ்ஜை விழித்துக்கொண்டு புதிய அணுக்களை அனுப்பத் தொடங்கும். இரண்டு மாதங்களில் ஹீமோகுளோபின் இயல்புக்கு வரும். நரம்பு தேற ஆறு மாதம், ஓர் ஆண்டு ஆகலாம். தாமதித்து வந்தவர்களிடம் ஒரு பகுதிச் சேதம் நிலைத்துவிடும். மருந்தால் திரும்பப் பெற முடியாதது அந்தக் காலதாமதம் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பல பத்தாண்டுகளாக இரும்பு மாத்திரை கொடுத்த பிறகும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் இப்படி இருக்கிறார்கள் என்றால், இரும்பைத் தாண்டி யோசிக்க வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது. சத்துகளைச் சேர்த்துச் செறிவூட்டிய அரிசிக்கான விதிப்படி ஒரு கிலோவில் இருக்க வேண்டிய பி12 சுமார் 1 மைக்ரோகிராம். நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது 0.3 மைக்ரோகிராம். நல்ல தொடக்கம், ஆனால் அதுவே போதாது.

அரசுக்கு மூன்று கோரிக்கைகள். கர்ப்பிணிகளுக்கான முதல் ரத்தப் பரிசோதனையில் பி12-ஐச் சேர்க்க வேண்டும். 2021 முதல் வீடு தேடி சர்க்கரை மாத்திரை கொண்டுசேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பி12 பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரைக்கு ஹீமோகுளோபின் ஏறாதவருக்கு அதே மாத்திரையை மறுபடி எழுதாமல், காரணம் தேட வேண்டும்.

நமக்கு ஒரே வேலை. வீட்டில் யாருக்காவது கால் மரக்கிறது, நாக்கு எரிகிறது, அசதி போகவில்லை, அறுபது வயதைத் தாண்டியவருக்குத் திடீர் மறதி என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது 'பி12 பார்க்கலாமா?' என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஆறு மாதம் முன்னதாகக் கேட்பதா, பின்னதாகக் கேட்பதா என்பதில் ஒருவரின் நடையும் நினைவும் அடங்கியிருக்கின்றன.